உள்ளால் அரசி அப்பக்கா தேவியார்

கொற்கைத் துறை தூர்ந்து போன பின்னர், தாமிரபரணி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் காயல் துறைமுகம் தழைத்தது. முத்தும் குதிரையும் அரிசியும் ஆடையும் கைமாறிய அந்தத் துறையைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துகீசியர் வியப்போடு எழுதியுள்ளார். முத்துக்குளிப்பின் வரியைத் தண்டிய செல்வச் செழிப்புள்ள இசுலாமிய வணிகரையும் அவர் குறிப்பிடுகிறார். அடுத்த இரண்டு பத்தாண்டுகளில் அந்நிலை மாறிற்று. முத்துக்கரை போர்த்துகீசியர் கைக்குச் சென்றது. அவர்களிடம் அனுமதிச் சீட்டுப் பெறாத மரக்கலங்கள் கடலிலேயே பறிமுதலாயின. காயல்பட்டினத்து மரக்காயர்களின் நெடுநாளைய வாணிகம் நலிந்தது. 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் நிகழ்ந்த போரில் மரக்காயர் படை தோற்ற பின், கிழக்குக் கரையில் அவர்களை எதிர்த்து நிற்பார் அருகினர்.

இதே ஆற்றலை மேற்குக் கரையில் எதிர்கொண்டு, தலைமுறை கடந்து பணியாது நின்றது சிறியதொரு ஜைன அரசு. அதன் தலைநகர் மங்களூருக்குத் தெற்கே, நேத்ராவதி ஆற்றின் தென்கரையில், கடலை நோக்கியிருந்த உள்ளால். அதன் அரசியார் அப்பக்கா தேவியார். கொல்லா நெறியில் பிறந்த ஒரு சிராவகி, நாட்டின் நிலக்கிழார்களைப் படைக்கலம் ஏந்துமாறு அழைக்க நேர்ந்த வரலாறு இது.

சௌட்டர் குலமும் துளு நாடும்

இன்றைய தென்கன்னட, உடுப்பி மாவட்டங்கள் அடங்கிய துளு நாடு, விசயநகரப் பேரரசின் மேலாட்சியில் பல குறுநில மன்னர்களால் ஆளப்பட்டு வந்தது. சௌட்டர், பங்கர், அஜிலர், பைரரசர் எனப் பெயர் பெற்ற அவர்களுள் பலர் திகம்பர ஜைனர். கார்களத்தில் 1432-இல் பாகுபலிப் பெருமானின் ஒரே கல்லாலான திருவுருவை நிறுவியவர்கள் பைரரசர். வேணூரில் 1604-இல் மற்றொரு பாகுபலியை எழுப்பியவர்கள் அஜிலர். சௌட்டர்களோ புத்திகேயிலும் மூடபித்ரியிலும் உள்ளாலிலும் இருந்து ஆண்டனர்.

மூடபித்ரி தமிழ் ஜைனர்க்கும் புண்ணியத் தலமாகும். 1430-இல் எழுந்த ஆயிரங்கால் பசதியில் சந்திரநாத தீர்த்தங்கரர் எழுந்தருளியுள்ளார். சித்தாந்த பசதியில் தவள, ஜயதவள, மகாதவள நூல்களின் பனையோலைச் சுவடிகள் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வந்தன. பிற இடங்களில் அழிந்துபோன அந்த ஆகமச் செல்வம் அங்கு மட்டுமே எஞ்சி, படியெடுக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் அச்சேறி உலகுக்குக் கிடைத்தது. கடற்கரை உள்ளால் வீழ்ந்திருந்தால் உள்நாட்டு மூடபித்ரியின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போதுதான் அப்பக்கா தேவியாரின் எதிர்ப்பு நமக்கு எத்துணை நெருங்கியது என்பது விளங்கும்.

துளு நாட்டில் அளியசந்தான மரபு வழங்கியது. நாஞ்சில் நாட்டார் அறிந்த மருமக்கள் வழியை ஒத்தது அது. சொத்தும் பட்டமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், தாய்மாமனிடமிருந்து உடன்பிறந்தாள் மக்களுக்குச் செல்லும். சௌட்ட மன்னர் திருமலைராயர், தம் மருமகளான அப்பக்காவை இளமை முதலே அரசியாக வளர்த்தார் என்பது துளு நாட்டு மரபு. வாளும் வில்லும் குதிரையேற்றமும் அரச நீதியும் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. உரிய காலத்தில் உள்ளாலின் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

அரிசியின் மேல் விழுந்த கண்

போர்த்துகீசியர் 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். அந்நகரும் மலையாளக் கரையில் இருந்த அவர்களது கோட்டைகளும் உணவுக்குக் கன்னடக் கரையின் அரிசியையே நம்பியிருந்தன. பசரூர், பார்க்கூர், மங்களூர் ஆகிய துறைகளிலிருந்து அரிசி கோவாவுக்கும் மலையாளத்துக்கும் அரபிக்கடலுக்கு அப்பால் ஓர்மூசுக்கும் சென்றது. ஆகவே அக்கரையின் மன்னர்கள் தலைமேல் போர்த்துகீசியர் ஆண்டுதோறும் கப்பம் சுமத்தினர். அக்கப்பம் பெரும்பாலும் அரிசி மூட்டைகளாகவே கேட்கப்பட்டது.

கப்பம் கட்டுபவன் அரசன் என்றாலும், அவ்வரிசி வருவது உழவனின் களத்திலிருந்தும் நிலக்கிழாரின் களஞ்சியத்திலிருந்துமே. விலையையும் அளவையும் வாங்குவோனே முடிவு செய்தால் விளைவித்தவனுக்கு எஞ்சுவது சிறிது. கோழிக்கோட்டு வணிகருடனும் அரபு வணிகருடனும் நேரே வாணிகம் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்க உள்ளால் இசையவில்லை. அனுமதிச் சீட்டின்றித் தன் மரக்கலங்களைச் செலுத்தியது. கப்பத்தையும் நிறுத்தியது.

1525-இலேயே போர்த்துகீசியர் இக்கரையில் தாக்குதல் நடத்தினர். 1555-இல் அல்வாரோ டா சில்வேரா என்பவரின் தலைமையில் ஒரு கடற்படை, கப்பம் கட்டாத உள்ளால் அரசியை ஒறுக்க அனுப்பப்பட்டது. அம்முறை மோதல் இணக்கத்தில் முடிந்தது. ஆயினும் அது நிலைக்கவில்லை.

1565 சனவரித் திங்களில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. துளு நாட்டுச் சிற்றரசர்களுக்குப் பின்னின்ற பேரரசின் நிழல் அன்றோடு அகன்றது. அந்நியர்க்கு அது நல்வாய்ப்பு. கோவாவைச் சுற்றிய தீவுகளில் 1540 முதலே கோயில்கள் இடிக்கப்பட்டதும், 1560-இல் அங்கே சமய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டதும் துளு நாட்டார் அறியாதவை அல்ல. கொங்கணத்திலிருந்து குடிபெயர்ந்து தெற்கே வந்த குடும்பங்கள் அச்செய்திகளைச் சுமந்தே வந்தன. வணிகத்தோடு சமயமும் வாழ்வும் ஒருங்கே ஊசலாடுகின்றன என்பது தெளிவாயிற்று.

அரசியாரின் அழைப்பு

உள்ளாலுக்குப் பெரிய நிலைப்படை கிடையாது. துளு நாட்டில் எந்தச் சிற்றரசருக்கும் அது இல்லை. நாடு மாகணே எனப்படும் ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் குத்து என்று வழங்கிய பெருமனைகள் இருந்தன. வயலும் தோப்பும் களஞ்சியமும் உடைய அம்மனைகளின் தலைவர்கள் பெரும்பாலும் பண்ட்டர் குலத்தார், சிலர் ஜைனர். ஊர் வழக்கைத் தீர்ப்பதும், தெய்வ விழாக்களை நடத்துவதும், கம்பளம் என்னும் எருமை ஓட்டத்தைத் தம் வயலில் கூட்டுவதும் அவர்கள் உரிமை. அரசர் அழைத்தால் தம் ஆட்களுடன் படைக்கு வருவது அவர்கள் கடமை. நிலத்தை உடையவன் அந்நிலத்தைக் காக்கவும் உடன்பட்டவன் என்பதே அந்நாட்டின் எழுதாச் சட்டம்.

ஆயினும் அக்கடமை எளிதன்று. துளு நாட்டின் முதற்போகமான ஏணெல், மழைக்காலத்தில் நடப்பட்டு புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்து கடல் அமைதியுறுவதும் அப்போதுதான். கோவாவிலிருந்து போர்க்கலங்கள் புறப்படும் காலம் எதுவோ, அதுவே கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும் காலம். அடுத்து சுக்கி என்னும் இரண்டாம் போகத்துக்கு உழ வேண்டும். அப்பொழுதில் ஆட்களைக் களத்திலிருந்து கடற்கரைக்கு அனுப்புவது, ஓர் ஆண்டின் உணவைப் பணயம் வைப்பதாகும். பக்கத்து அரசர் சிலர் கப்பம் கட்டி அமைதி பெற்றிருந்தனர். தாமும் அவ்வாறே செய்தால் என்ன என்று ஒரு மனைத்தலைவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அப்பக்கா தேவியார் அத்தகைய மனைத்தலைவர்களைத் தம்பால் நிறுத்திக்கொண்டார். துளு நாட்டு மரபு அவருடைய படையை விரித்துரைக்கும்போது பண்ட்டர் பெருமக்களோடு நின்றுவிடுவதில்லை. கடலை அறிந்த மொகவீரர், தென்னை ஏறும் பில்லவர், கடல் வாணிகத்தில் தேர்ந்த மாப்பிள்ளைமார் என எல்லாக் குலத்தாரும் எல்லாச் சமயத்தாரும் அதில் இருந்தனர் என்று அது கூறுகிறது. அரசி ஜைனர், உள்ளால் கடற்கரையின் சோமநாதர் கோயிலையும் அவர் போற்றினார், இசுலாமியரை நம்பிப் பொறுப்புகளில் அமர்த்தினார். வரப்போகும் இடர் அனைவர்க்கும் பொதுவானது என்பதை அவர் செயலால் காட்டியமையால்தான் அழைப்புக்கு மறுமொழி கிடைத்தது.

சிராவகியும் போரும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியில் பிறந்த ஓர் அரசி படை திரட்டலாமா என்னும் ஐயம் அன்றும் எழுந்திருக்கும். இன்றும் நம் இளைஞர் கேட்பர். ஜின தருமம் துறவியர்க்கு மகாவிரதத்தையும் இல்லறத்தார்க்கு அணுவிரதத்தையும் வகுத்துள்ளது. துறவி எவ்வுயிர்க்கும் எவ்வகையாலும் தீங்கு எண்ணுதலும் ஆகாது. இல்லறத்தாரைப் பற்றிய இடத்தில் ஆசாரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, தொழில் ஆகியவற்றில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வந்தவரைத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. முதலாவதைச் சிராவகர் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாடு பிடிக்கும் ஆசையால் எழும் போர் முதல் வகையைச் சாரும். வாயிலில் வந்து நிற்கும் பகையைத் தடுப்பது நான்காம் வகை. கங்க மன்னரின் படைத்தலைவராக விளங்கிய சாமுண்டராயரே சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரை எழுப்பினார் என்பதை நினைவில் கொள்வோம். பரதரும் பாகுபலியும் மாறுபட்டபோது, இருபடை வீரரும் மடியாதிருக்கும் பொருட்டு இருவர் மட்டும் கண்ணாலும் நீராலும் தோளாலும் பொருதனர் என்பதும் நம் புராணம். போர் தவிர்க்க முடியாதபோதும் உயிரிழப்பைச் சுருக்குக என்பதே அதன் பொருள். அப்பக்கா தேவியார் எவர் நாட்டையும் கொள்ளச் சென்றவர் அல்லர். அவர் போரிட்டதெல்லாம் தம் கரையிலும் அந்நியர் எழுப்பிய கோட்டையைச் சுற்றியுமே. கப்பத்தைக் குறைத்தோ ஒப்பந்தம் செய்தோ அமைதி காண இயன்ற வேளையில் அவ்வழியையும் அவர் தள்ளவில்லை.

1568

1567-ஆம் ஆண்டின் இறுதியில் அரசப் பிரதிநிதி அந்தாம் டி நொரோஞா தாமே பெரும் கடற்படையுடன் கோவாவிலிருந்து புறப்பட்டார். 1568-இன் தொடக்கத்தில் உள்ளால் தாக்கப்பட்டது. ஊர் எரியுண்டது. மங்களூரில் புனித செபஸ்தியார் பெயரால் ஒரு கோட்டையை அந்நியர் எழுப்பினர். நேத்ராவதியின் முகத்தை அடைத்துக்கொண்டு அரிசி வாணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்வதே அதன் நோக்கம்.

அந்நாள்களைப் பற்றித் துளு நாட்டார் சொல்லிவரும் வரலாறு உள்ளத்தைத் தொடுவது. போர்த்துகீசியப் படைத்தலைவர் ஜோவா பெய்ஷோட்டோ அரண்மனைக்குள் புகுந்தபோது அரசியார் அங்கில்லை. அருகிருந்த பள்ளிவாசல் அவருக்கு அடைக்கலம் தந்தது. ஊரைப் பிடித்துவிட்டோம் என்று பகைவர் களித்திருந்த அதே இரவில், அரசியார் 200 வீரரைத் திரட்டித் திரும்பித் தாக்கினார். பெய்ஷோட்டோ வீழ்ந்தார். 70 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். எஞ்சியோர் கலங்களுக்கு ஓடினர். தென்னம்பாளையில் தீயிட்டுக் கலங்கள் மீது எறிந்த மொகவீரரையும், எரியம்பு தொடுத்த அரசியாரையும் அக்கரையின் யட்சகானக் கூத்துகள் இன்றும் மேடையேற்றுகின்றன. வெற்றிக் களிப்பினிடையே சிறைபிடித்தோர் எண்ணிக்கையை மறவாமல் சொல்லும் இம்மரபு, சரணடைந்தவரைக் கொல்லாத ஓர் அரசியின் பண்பையும் சேர்த்தே சொல்கிறது.

கோட்டை எழுந்தபின் உள்ளால் தனியே நின்று வெல்ல இயலாது. 1570-இல் தென்னாட்டு அரசுகள் அரியதொரு கூட்டணி அமைத்தன. பீசப்பூர் சுல்தான் கோவாவையும், அகமதுநகர் சுல்தான் சவுலையும், கோழிக்கோட்டுச் சாமூதிரி சாலியத்தையும் முற்றுகையிட்டனர். சாலியம் கோட்டை 1571-இல் வீழ்ந்தது. அப்போர்க்காலத்தில் சாமூதிரியின் கடற்படைத் தலைவர் குட்டி போக்கர் மரக்காயர் மங்களூர்க் கோட்டையைத் தாக்கினார். திரும்பும் வழியில் கடற்போரில் அவர் உயிர் துறந்தார். முன்னர் வேதாளையில் முத்துக்கரைக்காகப் போரிட்ட அதே மரக்காயர் மரபு, இப்போது ஒரு ஜைன அரசியின் பக்கம் நின்றது. காயலும் உள்ளாலும் ஒரே இடரின் இரு கரைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அரசியாரின் முடிவும் துயரமாகவே மரபில் நினைவுகூரப்படுகிறது. உற்றாரே பகைவர்க்குத் துணை போக, அவர் சிறைப்பட்டார்; சிறையிலும் பணியாது எதிர்த்து உயிர் நீத்தார் என்று மக்கள் சொல்லி வருகின்றனர்.

ஒரு பெயர், இரு அரசியர்

அப்பக்கா என்னும் பெயரைச் சௌட்டர் குலத்தில் ஒருவருக்கு மேற்பட்ட அரசியர் தாங்கினர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளாலை ஆண்டவரும் அப்பக்கா தேவியாரே. மக்களின் நினைவில் இருவரும் ஒருவராகவே கலந்துவிட்டனர்.

இவரைப் பற்றி நேரில் கண்ட ஒருவரின் குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது பேறு. உரோமாபுரியைச் சேர்ந்த பியத்ரோ தெல்லா வாலே என்னும் பயணி 1623-இல் அவரைச் சந்தித்தார். இவ்வரசியார் மங்களூரை ஆண்ட பங்க மன்னரை மணந்து, பின்னர்ப் பிரிந்து, அவர் தந்த அணிகலன்களைத் திருப்பி அனுப்பியவர். சினமுற்ற பங்கர் அவரைப் படகில் செல்லும்போது சிறைபிடித்தார். அவர் சொல்வன்மையால் விடுபட்டார். பின்னர்ப் பங்கர் போர்த்துகீசியர் துணையை நாட, அரசியார் இக்கேரி வேங்கடப்ப நாயக்கரின் துணையை நாடினார். நாயக்கர் படை வென்றது, போர்த்துகீசியர் தோல்வியுற்றனர். இவ்வளவும் அப்பயணியின் நூலில் உள்ளவை.

அவர் அரசியாரைக் கண்ட இடம் அரியணை மண்டபம் அன்று. பாசனத்துக்காக வெட்டப்பட்ட வாய்க்கால்களைப் பார்வையிட்டுக் கால்நடையாகத் திரும்பும் வழியில்தான் கண்டார். காலில் செருப்பில்லை. உடலில் எளிய பருத்தி ஆடை. மேலே பனையோலைக் குடை. சூழ வீரர் சிலர். தோற்றம் எளிதாயினும் பேச்சில் பெருந்தன்மையும் அறிவும் விளங்கின என்று அவ்வயல்நாட்டார் பதிவு செய்தார். ஐரோப்பிய அரசவைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதுமையாயிருந்தது. நெல்வயலுக்காகப் போரிட்ட குலத்தின் அரசி, போர் ஓய்ந்ததும் நெல்வயலுக்கு நீர் கொணரச் சென்றதில் நமக்குப் புதுமை இல்லை.

நிலைத்த புகழ்

உள்ளாலில் ஆண்டுதோறும் வீரராணி அப்பக்கா உற்சவம் நடைபெறுகிறது. கையில் வாளேந்திய அவர் சிலை அவ்வூரில் நிற்கிறது. இந்தியக் கடலோரக் காவற்படை 2012-இல் பணியில் சேர்த்த ரோந்துக் கலம் ஒன்றுக்கு ராணி அப்பக்கா எனப் பெயரிட்டுச் சென்னையை அதன் தளமாக்கியது. அஞ்சல் துறை 2023-இல் அவர் பெயரில் அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு காலத்தில் அனுமதிச் சீட்டில்லாத தமிழ் மரக்கலங்கள் பறிபோன கடலில், அவர் பெயர் தாங்கிய கலம் இன்று காவல் புரிகிறது.

தமிழ் ஜைனக் குடும்பங்கள் பெரும்பாலும் நிலத்தோடு பிணைந்தவை. தொண்டை மண்டலத்து ஊர்களில் ஏரும் ஏரியும் ஜினாலயமும் ஒன்றோடொன்று சேர்ந்தே வாழ்ந்து வந்துள்ளன. தென்பாண்டி நாட்டில் கழுகுமலையின் திருவுருவங்களும், குமரிக்கருகே திருச்சாரணத்து மலையின் திருமேனிகளும் ஒரு காலத்தில் நம் முன்னோர் அங்கே தழைத்திருந்தமைக்குச் சான்றாய் நிற்கின்றன. அவ்விடங்களில் கல் எஞ்சியது. விளக்கேற்றும் குடிகள் எஞ்சவில்லை. மூடபித்ரியில் கல்லும் ஓலையும் குடியும் மூன்றும் எஞ்சின. பக்தி மட்டும் அதனைக் காக்கவில்லை. அறுவடையை விட்டு அரசியின் அழைப்புக்குச் செவிசாய்த்த நிலக்கிழார்களும், அவர்களோடு தோள் சேர்ந்த வேற்றுச் சமயத்தாரும், கொல்லாமையைப் போற்றியபடியே காக்கும் கடமையைக் கைவிடாத ஒரு சிராவகியும் அதில் பங்குடையர். ஜினாலயத்தில் திருவிளக்கேற்றும் இந்நன்னாளில் அவர்களையும் நன்றியோடு நினைப்போமாக.